பருவ வயதுப் பிள்ளைகளும் இரத்தசோகையும்: பெற்றோர் அறிய வேண்டியவை

ஃபஜ்ருக்கு எழுப்பினால் எழுவதில்லை. ஓத உட்கார்ந்தால் தூங்கி விழுகிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பருவ வயதுப் பிள்ளையிடம் இவற்றைக் காணும் பெற்றோர் சோம்பல் என்று கடிந்துகொள்கிறார்கள். பல வீடுகளில் அது சோம்பல் அல்ல, இரத்தசோகை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கும், அதே வயது ஆண்பிள்ளைகளில் 31 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அந்த வயதுப் பெண்பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

பருவ வயதில் ஏன்?

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும், மூச்சுக்காற்றிலுள்ள ஆக்சிஜனை உடலெங்கும் கொண்டுசெல்வதும் ஹீமோகுளோபின். அதை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும். பாலிகாகும் வயதில் பிள்ளை வேகமாக வளர்கிறது. இரத்தத்தின் அளவும் தசையும் கூடுகின்றன. பெண்பிள்ளைக்கு இதோடு மாதவிடாயும் சேர்கிறது. ஒரு மில்லி இரத்தம் போனால் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 15 வயதில் நாளொன்றுக்கு ஆணுக்கு 22, பெண்ணுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. வளர்ந்த ஆணுக்கு 19 போதும். அதாவது, வாப்பாவைவிட மகளுக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் நம் தஸ்தர்கானில் கறித்துண்டு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

இரத்தப் பரிசோதனையில் கவனிக்க வேண்டிய அளவு (ஒரு டெசிலிட்டருக்கு):
• 12 முதல் 14 வயது, இருபாலருக்கும்: 12 கிராமுக்குக் குறையக் கூடாது
• 15 வயதுக்கு மேல் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 கிராம்
• 8 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்

கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருப்பது, அடிக்கடி தலைவலி, பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, மண் தின்னும் ஆசை ஆகியவையும் அடையாளங்கள்.

பத்து நாள் கவனிப்பு போதாது

பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி, நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய், கருப்பட்டி என்று கொடுத்துக் கவனிப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம். ஆனால் பத்துப் பதினைந்து நாளில் அது நின்றுவிடுகிறது. தேவையோ அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. வாராவாரம், மாதாமாதம் தொடர வேண்டிய கவனிப்பு இது.

ஆட்டீரலிலும் சுவரொட்டியிலும் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்றுக்கொள்ளும். இரத்தம் ஹராம் என்பதால் சிலர் இவற்றை உண்ணத் தயங்குகிறார்கள். ஈரலும் மண்ணீரலும் அனுமதிக்கப்பட்டவை என்பது இப்னு மாஜாவில் பதிவான ஹதீஸின் கருத்து. சுவரொட்டி என்பது மண்ணீரல்தான். வாரம் ஒருமுறை சமைத்தால் போதும்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு, பயறு வகைகளிலும் இரும்பு உண்டு. ஆனால் உடலில் சேருவது குறைவு. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைச் சேர்த்து உண்டால் அது கூடும். பேரீச்சம்பழம் நல்ல உணவு. ஆனால் அது ஒன்றே இந்தக் குறையைத் தீர்த்துவிடாது. சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பது இரும்பு சேருவதைத் தடுக்கும். பிரியாணிக்குப் பின் சுலைமானி வேண்டுமென்றால் ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும்.

மாத்திரையும் மருத்துவமும்

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீலநிற மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. இதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் உண்டு. இது கேப்ஸ்யூல் அல்ல. உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். பள்ளிக்குச் செல்லாத பெண்பிள்ளைகளுக்கு அங்கன்வாடி மூலம் தரப்படுகிறது. தனியார் பள்ளியிலோ, ஹிஃப்ழு மதரஸாவில் தங்கியோ ஓதும் பிள்ளைக்கு இது தானாக வந்து சேராது. அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிவது பெற்றோரின், மதரஸா நிர்வாகத்தின் பொறுப்பு.

நம் பீர்க்கன்கரணையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் மற்ற இரு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், 2,300 வளரிளம் பெண்கள் 45 நாள் சித்த மருந்து உட்கொண்டார்கள். அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகியவையே அந்த மருந்துகள். ஹீமோகுளோபின் கூடியதாகவும் களைப்பு, தலைவலி குறைந்ததாகவும் 2025இல் அறிவிக்கப்பட்டது. அன்னபேதி என்பதே இரும்பின் உப்புதான். ஆகவே எந்த மருத்துவமானாலும் பரிசோதித்து, மருத்துவர் சொன்ன அளவில்தான் உட்கொள்ள வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டும் அளவு கூடாவிட்டால் பி12 குறைபாடு, தலசீமியா போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம். உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்கள் தலசீமியா பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மார்க்கத்தின் பார்வையில்

மாதவிடாய் நாட்களில் நோன்பு இல்லை; பிறகு களாச் செய்ய வேண்டும். நோன்பு நோயைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்னால் நோயாளிக்குரிய சலுகை பிள்ளைக்கும் உண்டு. குணமானபின் களாச் செய்யலாம். பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். சொத்துக்கும் அன்பளிப்புக்கும் மட்டுமல்ல, ஈரல் துண்டுக்கும் அந்த நீதம் பொருந்தும்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அடுத்தமுறை ஃபஜ்ருக்கு எழாத பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் அதன் கீழ் இமையைச் சற்று விலக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் ஈமானின் வலிமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக!