நூரன்பேர்க் தேனப்பமும் நத்தார் அடுக்களையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் நத்தார்ப் பண்டிகை அண்மிக்கும் வாரங்களில் வீட்டு அடுக்களைகளிற் குறிப்பிட்டதொரு வேலை தொடங்கிவிடுகின்றது. கோதுமை மாவைத் தேனோ பாணியோ விட்டு, இஞ்சி, கறுவா, கராம்பு, சாதிக்காய், ஏலம் ஆகியவற்றின் தூள் கலந்து பிசைந்து, தட்டையாக உருட்டி, மனித உருவாகவும் நட்சத்திரமாகவும் இதயமாகவும் வெட்டிச் சுடுகின்றனர். சுட்டவற்றின்மேற் சீனிக் குழம்பாற் கோலமிடுகின்றனர். அப்பத் தகடுகளையே சுவரும் கூரையுமாகப் பொருத்திச் சிறு வீடு கட்டுவதும் உண்டு. ஆங்கிலேயர் ஜிஞ்சர்பிறெட் என்றும், ஜேர்மானியர் லேப்கூகன் என்றும், போலந்து மக்கள் பியெர்னிக் என்றும் வழங்கும் இப்பலகாரம், தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகள் கற்றுவந்த பழைமையான குடும்ப மரபெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கருத்து எத்துணை பொருத்தமானது என்பதை, இப்பலகாரத்துக்குப் பெயர்பெற்ற ஜேர்மானிய நகராகிய நூரன்பேர்க்கை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இஞ்சியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் யாவும், பாளியிற் சிங்கிவேர எனவும் கிரேக்கத்திற் சிங்கிபெரிஸ் எனவும் வழங்கிய வடிவங்களின் வழிவந்தவை. அவற்றின் மூலம் தென்னிந்தியத் திராவிட மொழிகளின் ‘இஞ்சி’ என்னும் சொல்லே என்பதை மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வர். அலன் ரோஸ் என்னும் ஆங்கில அறிஞர் இவ்வொரு சொல்லின் பயணத்தை ஆராய்ந்து 1952இல் தனிநூலே வெளியிட்டார். பழைய பிரெஞ்சு மொழியிலே பாகிலிட்ட இஞ்சியைக் குறித்த ‘ஜஞ்சிப்ரா’ என்னும் சொல்லின் கடையசையை ஆங்கிலேயர் தம் மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லாகத் திரித்துக் கேட்டமையாலேயே ஜிஞ்சர்பிறெட் என்னும் பெயர் பிறந்தது. தமிழ்ச் சொல்லொன்று இத்துணைத் தூரம் சென்றமை குறித்து நம்மவர் மகிழ்வது இயல்பே. ஆயினும் சொல் சென்ற வழியைக் கண்டறிந்த அளவிற்குச் சரக்கு சென்ற வழியையும், அச்சரக்கைத் தேடிக் கொடுத்தவர் நிலையையும் நாம் கண்டறிய முயன்றோமா என்பது வேறு வினா. மேலும், ஜேர்மானியத் தேனப்பத்தில் இஞ்சிக்குத் தலைமையிடம் இல்லை. கிழக்கு ஜேர்மனியில் அதற்கு ‘மிளகப்பம்’ என்று பெயர். கடல்கடந்து வந்த காரச் சரக்குகள் அனைத்தையும் அக்காலத்தவர் மிளகென்றே கூறினர்.

நூரன்பேர்க் நகரத்தைச் சூழ்ந்து பேரரசுக்குரிய பெருங்காடு ஒன்று இருந்தது. அக்காட்டின் மரப்பொந்துகளிலே தேனீ வளர்க்கும் உரிமையை ‘சைட்லர்’ எனப்பட்ட ஒரு தொழிற்குழுவினர் பெற்றிருந்தனர். 1350இல் நான்காம் சார்ல்ஸ் மன்னன் அவர்களது உரிமைகளைச் சாசனமாக உறுதிப்படுத்தினான். அவர்களுக்கெனத் தனி நீதிமன்றம் ஃபொய்க்ற் என்னும் ஊரில் இருந்தது. வில்லேந்தும் உரிமையும் சுங்கவரி விலக்கும் அவர்களுக்கு இருந்தன. பதிலாகத் தேனிறை செலுத்தினர். காட்டுத் தேனெடுப்போர் இத்துணை உயர்வுபெற்றமைக்குக் காரணம் தேனின் இனிமை மட்டுமன்று. தேனடையின் மறுபாதி மெழுகு. தேவாலயங்களின் பீடங்களில் இரவு பகலாக எரிந்த மெழுகுதிரிகளே அப்பாதியை விலையுயர்ந்த பண்டமாக்கின. தென் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் தேனப்பம் சுடுவோரும் மெழுகுதிரி வார்ப்போரும் பல இடங்களில் ஒரே தொழிலினராகவே இருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒரே அடையினின்று இரு பண்டங்கள், ஒரே பட்டறை, பேரி மரத்திற் செதுக்கிய அதே அச்சிலே காலையில் மாவையும் மாலையில் மெழுகையும் அழுத்தி உருவெடுக்கவும் முடிந்தது. அப்பத்தின் அடியிற் பரப்பப்படும் மெல்லிய வெள்ளைத் தகடும் திருப்பலி அப்பத்தின் உறவினமே.

தேனும் மெழுகும் உள்ளூர்ப் பொருள்கள். சரக்கு அவ்வாறன்று. நூரன்பேர்க் வணிகர் வெனிஸ் நகரிலிருந்த ஜேர்மானியர் பண்டசாலையில் முக்கிய இடம் பெற்றிருந்தனர். அலெக்சாந்திரியா வழியே வெனிசுக்கு வந்த கீழைத்தேயச் சரக்குகள் அல்ப்ஸ் மலைகளைக் கடந்து இந்நகரை அடைந்தன. நகரசபை குங்குமப்பூவைச் சோதிக்கத் தனி அதிகாரிகளை நியமித்திருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அதிற் கலப்படம் செய்தவர், கலப்படம் செய்த சரக்குடனேயே உயிரோடு எரிக்கப்பட்டதும் உண்டு. வாசனைச் சரக்கின் விலை எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்தகைய சரக்கைச் சாதாரண வீட்டுப் பெண் தன் அடுக்களையில் அள்ளிக் கலந்தாள் என்று கற்பனை செய்வது வரலாற்றுக்கு முரணானது.

அடுத்து நகரின் ஆட்சிமுறை. 1348இல் நூரன்பேர்க் கைவினைஞர் கிளர்ந்தெழுந்து நகரசபையைக் கைப்பற்றினர். மறு ஆண்டில் அக்கிளர்ச்சி அடக்கப்பட்டதும், வெற்றிபெற்ற வணிகப் பெருங்குடியினர் சுயாதீனமான கைவினைஞர் சங்கங்களைத் தடைசெய்து, தொழில்கள் யாவற்றையும் சபையின் நேரடிக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தனர். அதே 1349ஆம் ஆண்டின் டிசம்பரில் இன்னொரு கொடுமையும் நிகழ்ந்தது. நகரின் நடுவேயிருந்த யூதர் குடியிருப்பை அகற்ற நான்காம் சார்ல்ஸ் அனுமதியளித்தான். ஏறத்தாழ 560 யூதர் கொல்லப்பட்டனர். அவர்தம் வீடுகள் இருந்த இடம் சந்தைச் சதுக்கமாயிற்று. தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் மரியன்னை ஆலயம் எழுந்தது. தேனெடுப்போருக்கு உரிமைச் சாசனம் வழங்கிய மன்னனும் இதற்கு இசைந்த மன்னனும் ஒருவனே. இரண்டுக்கும் இடையே இரண்டாண்டுகள்கூட இல்லை. அச்சதுக்கத்திலேதான் இன்று உலகப் புகழ்பெற்ற நத்தார்ச் சந்தை கூடுகின்றது. தேனப்பக் கடைகள் வரிசையாக நிற்கின்றன.

தேனப்பம் சுடுவோன் ஒருவன் நூரன்பேர்க்கில் இருந்தமைக்குச் சான்று 1395இலிருந்து கிடைக்கின்றது. ஆயின் ரொட்டி சுடுவோரிலிருந்து பிரிந்த தனித்தொழிலாக நகரசபை இதனை ஏற்றது 1643இலேயே. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டுக் காலமும் யார் எதைச் சுடலாம், யார் எதை விற்கலாம் என்ற வழக்கின் காலமே எனலாம். சக்சனியிலுள்ள புல்ஸ்னிற்ஸ் ஊரில் ரொட்டி சுடுவோர் மிளகப்பமும் சுடலாமென்ற உரிமையை 1558இற் பெற்றனர். உரிமையாகப் பெறவேண்டியிருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. இவ்வகைத் தொழில்களிற் பெண்ணுக்குத் தன் பெயரால் இடமில்லை. எசமானின் விதவை பட்டறையைத் தொடர்ந்து நடத்த அனுமதிக்கப்பட்டாள், அவ்வளவே. பாட்டியின் கைப்பக்குவம் என்று இன்று பேசப்படுவது பல நூற்றாண்டுக் காலம் ஆண்களின் தொழில் இரகசியமாக இருந்தது.

அப்பம் உருவங்களைத் தாங்கி வந்தமையும் இக்காலத்தின் இயல்பே. அச்சுகளிலே புனிதர், அரசர், குதிரைவீரர், தொட்டிற் குழந்தை முதலிய உருவங்கள் செதுக்கப்பட்டன. எழுத்தறியாதோர் மலிந்த சமூகத்தில் இது ஒருவகைப் பட அச்சுக்கலையுமாகும். 1487இல் மூன்றாம் பிரெடெரிக் பேரரசன் நூரன்பேர்க்கிலே தன் உருவம் பொறித்த தேனப்பங்களைச் சுமார் நாலாயிரம் சிறுவருக்கு வழங்கினான் என்று கூறுவர். தேர்தற் காலத்து இனிப்பு விநியோகத்தைக் கண்டு பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அவ்வாறாயின் இது வீட்டினுள் எப்போது நுழைந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டே விடை. 1747இல் மார்கிராஃப் என்னும் இரசாயன அறிஞர் பீற் கிழங்கிலே சீனி உண்டென்று கண்டார். அவர் மாணவர் ஆகார்ட் அந்நூற்றாண்டு கழிந்ததும் சிலேசியாவில் முதலாவது கிழங்குச் சீனி ஆலையை நிறுவினார். நெப்போலியன் 1806இல் விதித்த கண்டத் தடை, அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சீனியை ஐரோப்பாவுக்கு அரிதாக்கி இவ்வாலைத் தொழிலுக்கு ஊக்கமளித்தது. நூற்றாண்டின் பிற்பகுதியிற் சீனி தொழிலாளர் வீட்டுக்கும் எட்டியது. இரும்பு அடுப்புகள் நகர வீடுகளில் இடம்பிடித்தன. முன்னர்ச் சாம்பலுப்பிட்டு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், மாவைக் கிடப்பிலிட்டுப் பதப்படுத்தவேண்டியிருந்தது. 1890களில் ஓகஸ்ற் எற்கர் என்னும் மருந்துக் கடைக்காரர் சிறு பொட்டலங்களில் விற்ற அப்பச் சோடாத்தூள் போன்றவை வந்தபின் வீட்டுச் சமையல் பொறுமையையும் இரகசியத்தையும் வேண்டி நிற்கவில்லை. சந்தையினின்றும் தொழிலினின்றும் பிரிக்கப்பட்ட ‘இல்லம்’ என்பதையும், குழந்தையை நடுநாயகமாகக் கொண்ட நத்தாரையும் உருவாக்கிய நகர நடுத்தர வர்க்கம் இவற்றையெல்லாம் தன்மயமாக்கிக் கொண்டது.

இதில் ஒரு முரண் உண்டு. 1806இல் நூரன்பேர்க் தன் சுதந்திர நகர நிலையை இழந்து பவேரியாவுடன் இணைக்கப்பட்டது. 1868இல் பவேரியா தொழிற் சுதந்திரத்தைச் சட்டமாக்கியதும் பழைய கைவினை உரிமைகள் மறைந்தன. இயந்திர ஆலைகள் தலையெடுத்தன. தேனப்பம் தொழிற்சாலைப் பண்டமாகியதும் அது குடும்பக் கைவேலையாகியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. ஆலைச் சீனியும் பொட்டலத் தூளும் இன்றி வீட்டுப் பலகாரம் இல்லை. இல்லத்தின் இனிமையைப் படமாக வரைந்த தகரப் பேழைகளிலேயே ஆலைகளும் தம் சரக்கை விற்றன.

அப்ப வீட்டின் கதையும் இதற்கு இயைந்ததே. கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலுள்ள ஹென்சல், கிரேற்றல் கதையிலே சூனியக்காரியின் வீடு தேனப்பத்தாலானதன்று. சுவர் ரொட்டி, கூரை அப்பம், யன்னல் சீனி. பஞ்ச காலத்தில் உணவில்லாத பெற்றோர் தம் பிள்ளைகளைக் காட்டிலே விட்டுவருகின்றனர் என்பதே கதையின் தொடக்கம். உண்ணத் தகுந்த வீடு பசித்த பிள்ளையின் கனவு. அக்கதையை ஹம்பர்டிங் இசைநாடகமாக்கி, 1893 டிசம்பர் 23இல் வைமாரில் அது அரங்கேறியபோது, சூனியக்காரியின் வேலி தேனப்பமாக மாற்றப்பட்ட குழந்தைகளாயிற்று. நாடகமும் நத்தார்க் கால மகிழ்காட்சியாக நிலைபெற்றது. பஞ்சத்தின் கதை, வயிறு நிறைந்த வீடுகளிலே பிள்ளைகள் சீனி ஒட்டிக் கட்டும் பொம்மை வீடாகியது. இதனை வெறும் இரசனை மாற்றமாகக் கொள்ள இயலாது.

சீனி மலிந்த கதையைக் கூறினோம். கறுவாவின் கதை நம் தீவுக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையில் விலைப்பட்ட உண்மையான கறுவா ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைவழியேயன்றிப் பெறுதற்கரியது. 1640இற் காலியையும் 1656இற் கொழும்பையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அக்கம்பனிக்கு இலங்கை என்பது முதன்மையாகக் கறுவா விளையும் கரையோரமே. பட்டை உரிக்கும் கடமை சிங்களச் சமூகத்தின் சாலாகம சாதியினர்மேற் பிறப்பு வழியாகச் சுமத்தப்பட்டிருந்தது. மகாபத்த எனப்பட்ட நிருவாகப் பிரிவு அவர்களைப் பெயர்ப்பட்டியலிட்டு, ஆளுக்கு இவ்வளவென அளவு விதித்துக் காடுகளுக்கு அனுப்பியது. யானையும் காய்ச்சலும் நிறைந்த காடுகளில் மாதக்கணக்கில் அவர்கள் அலைந்தனர். அனுமதியின்றிக் கறுவா மரத்தை வெட்டுதலும் பட்டையை விற்றலும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக அறிவிக்கப்பட்டன. நூரன்பேர்க்கின் குங்குமப்பூச் சட்டத்தை நினைவூட்டும் இவ்விதியில் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே தண்டனை கலப்படம் செய்த வணிகனுக்கு, இங்கே மரம் வளர்ந்த மண்ணின் குடியானவனுக்கு. தம் பிள்ளைகளை வேறு சாதியாரின் பெயரிற் பதிவித்து இக்கடமையினின்று தப்புவிக்கப் பெற்றோர் முயன்றமையை ஒல்லாந்தரின் தோம்பு ஏடுகளை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். காட்டிலே பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரின் கதையோடு, காட்டுக்குப் போகாதிருக்கப் பிள்ளையின் பெயரை மாற்றிய பெற்றோரின் கதையையும் சேர்த்துப் படித்தல் தகும்.

1760, 1761ஆம் ஆண்டுகளில் உரிப்போர் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின்னரே, தேசாதிபதி ஃபல்க் காலத்தில், மருதானையிலே கறுவாவைத் தோட்டப் பயிராக நடும் முயற்சி உறுதிபெற்றது. கொழும்பின் கறுவாத்தோட்டம் இன்று செல்வந்தர் மாளிகைகளுக்கும் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கும் பெயர்பெற்ற பகுதி. அப்பெயரை நாம் நாள்தோறும் உச்சரித்தும் அதன் பொருளை எண்ணுவதில்லை. ஆங்கிலேயர் 1796இற் கரையோரத்தைக் கைப்பற்றியபின் தனியுரிமையைத் தாமும் தொடர்ந்தனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைப்பினால் இராசகாரியம் 1832இலும் கறுவாத் தனியுரிமை 1833இலும் ஒழிந்தன. அதற்குள் மலிவான சீனத்து, யாவாக் கறுவா வகைகள் சந்தையை நிரப்பத் தொடங்கியிருந்தன. ஜேர்மானிய நடுத்தர வர்க்கப் பெண் தன் அடுக்களையிற் கறுவாத்தூளைத் தயக்கமின்றித் தூவிய காலம் இவ்விலைவீழ்ச்சியின் காலமே.

நூரன்பேர்க் சந்தையின் பிற்கால வரலாற்றிலும் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. நகரின் வேறிடங்களுக்கு மாறியிருந்த நத்தார்ச் சந்தையை, 1933இல் ஆட்சிக்கு வந்த நாற்சிகள் அவ்வாண்டே நடுச்சதுக்கத்துக்கு மீட்டுக் கொணர்ந்து, பழம்பெரும் ஜேர்மானிய மரபின் மீட்சியெனக் கொண்டாடினர். சதுக்கத்துக்கு ஹிற்லரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1349இல் அவ்விடத்தில் நிகழ்ந்ததை அவர்கள் மரபாகவே கருதியிருத்தல் கூடும். போரிற் சிதைந்த நகரில் 1948இற் சந்தை மீண்டும் தொடங்கியது.

இன்று ‘நூரன்பேர்க் லேப்கூகன்’ என்னும் பெயர் 1996 முதல் ஐரோப்பியச் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டதாகும். அந்நகர எல்லைக்குள் ஆக்கப்படாத எதற்கும் அப்பெயரை இடலாகாது. ‘சிலோன் சினமன்’ என்னும் பெயர் அதே பாதுகாப்பைப் பெற்றது 2022இல். இலங்கைப் பண்டமொன்று இப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதன்முறை.