விலைக்கு வந்த சோற்று உருண்டை

பி.காம். படிப்பவர்களுக்கு காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'மேக் ஆர் பை' என்று ஒரு கணக்கு வரும். ஒரு பொருளை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா? செய்தால் இவ்வளவு செலவு, வாங்கினால் இவ்வளவு, எது குறைவோ அதுதான் விடை. இந்தக் கணக்கை ஜப்பான்காரர்களின் ஒனிகிரிக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே வரியில் விடை வந்துவிடும்: வீட்டிலேயே செய். சோறு இருக்கிறது, உப்பு இருக்கிறது, கை இருக்கிறது. இதில் கடைக்காரனுக்கு என்ன வேலை?

ஆனால் அங்கே எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோருக்குள் போனாலும் (சுருக்கமாக 'கொன்பினி' என்பார்கள்) ஒரு அலமாரி முழுக்க ஒனிகிரி அடுக்கியிருக்கும். எல்லா வீட்டிலும் சும்மா கிடைத்த ஒன்று எப்படி விற்பனைச் சரக்கு ஆனது? இதைத் தேடிப் போனால் ரயில்வே ஸ்டேஷன், பள்ளிக்கூடம், ஜப்பானையே பார்க்காத ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, ஒரு பிளாஸ்டிக் தாள் என்று கதை எங்கெங்கோ போகிறது.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். சூடான சோற்றை உப்புத் தண்ணீர் தொட்ட கையில் எடுத்து, நடுவே உமெபோஷி (உப்பில் ஊறப்போட்ட புளிப்புப் பழம்) அல்லது சுட்ட சால்மன் மீன் வைத்து, முக்கோணமாகப் பிடித்து, மேலே நோரி என்கிற கடல்பாசித் தாளைச் சுற்றினால் ஒனிகிரி. 'நிகிரு' என்றால் கையால் இறுகப் பிடிப்பது. அதிலிருந்து வந்த பெயர். 'ஒமுசுபி' என்று இன்னொரு பெயரும் உண்டு. 'முசுபு' என்றால் முடிச்சுப் போடுவது, இணைப்பது. சுஷிக்குச் சோற்றில் வினிகர் கலப்பார்கள், இதில் கலப்பதில்லை. இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன்.

சோறு ஆறிப்போனால் சரியாக ஒட்டாது, அதனால் சூட்டோடு பிடிக்க வேண்டும். இடது உள்ளங்கை தாங்கிக்கொள்ளும், வலது கையைக் கூரை மாதிரி மடித்தால் அது முக்கோணத்தின் முனை. அழுத்தி, திருப்பி, மறுபடி அழுத்தி, திருப்பி... அவ்வளவுதான். ரொம்ப அழுத்தினால் கல் மாதிரி ஆகிவிடும், அழுத்தாவிட்டால் வாயருகே போகும்போது உதிரும். உப்பு ருசிக்கு மட்டுமல்ல, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மதியம் வரை சோறு கெடாமல் இருக்கவும்தான். உமெபோஷியை நடுவில் வைப்பதற்கும் அதுவே காரணம். நம்ம ஊர் புழுங்கல் பொன்னியில் முயன்றால் சரியாக நிற்காது. ஜப்பானிய அரிசி குட்டை ரகம். அதில் அமிலோஸ் என்கிற மாவுச்சத்து குறைவு, அதனால்தான் அந்தப் பசை.

இதன் வயதைப் பற்றி ஒரு சுவாரசியமான விவகாரம் இருக்கிறது. 1987-ல் இஷிகாவா மாநிலத்தில், நோட்டோ தீபகற்பத்தில் நடந்த அகழாய்வில் கருகிப்போன முக்கோணச் சோற்றுக் கட்டி ஒன்று கிடைத்தது. சுமார் 2000 வருடம் பழையது. 'உலகின் பழைய ஒனிகிரி' என்று ஒரே பரபரப்பு. பிறகு ஆராய்ந்தவர்கள், இது ஆவியில் வேகவைத்துப் பின்னால் சுட்ட பண்டம், ஒனிகிரியைவிட இலையில் கட்டி வேகவைக்கும் 'சிமாகி'க்குத்தான் நெருக்கம் என்றார்கள். அதற்காக ஊர்க்காரர்கள் விட்டுவிடுவார்களா? ஊர்ப் பெயரான ரோக்குசெய்யில் 'ரோக்கு' என்றால் ஆறு. மாதாமாதம் 18-ம் தேதி அரிசிச் சாப்பாட்டு நாள். இரண்டையும் சேர்த்து ஜூன் 18-ஐ ஒனிகிரி தினம் ஆக்கிவிட்டார்கள்.

எழுத்தில் பார்த்தால் 8-ம் நூற்றாண்டின் ஹிட்டாச்சி நாட்டுக் குறிப்புகளிலேயே 'பிடித்த சோறு' என்ற சொல் இருக்கிறது. ஹெயான் காலத்தில் (794 - 1185) பிரபுக்கள் வீட்டு விருந்துகளில் வேலைக்காரர்களுக்கு 'தொன்ஜிகி' என்று முட்டை வடிவில் பெரிய சோற்றுக் கட்டி கொடுப்பார்கள். கெஞ்சி கதையிலும் அது வருகிறது. உள்ளே எஜமானர்கள் சாப்பிட்டது வேறு, வாசலில் நின்றவர்களுக்குக் கிடைத்தது இது. அப்புறம் போர்வீரன், வழிப்போக்கன், வயலில் வேலை செய்கிறவன் என்று உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத எல்லோர் மடியிலும் இது இருந்தது. குழந்தைகளுக்குச் சொல்லும் நண்டும் குரங்கும் கதையில்கூட, நண்டின் கையில் இருந்த ஒனிகிரியை ஒரு பழ விதையைக் கொடுத்துக் குரங்கு ஏமாற்றி வாங்கிக்கொள்ளும். (என் அறிவுக்கு எட்டியவரை ஒனிகிரி வியாபாரத்தில் முதல் மோசடி இதுதான்!)

நிஜ வியாபாரம் ரயிலோடு வந்தது. 1885 ஜூலையில் உட்சுனோமியாவுக்கு ரயில் பாதை திறந்தபோது, ஸ்டேஷன் பக்கத்து விடுதி ஒன்று உமெபோஷி வைத்த இரண்டு உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் மூங்கில் மட்டையில் கட்டி ஐந்து சென்னுக்கு விற்றது. நூறு சென் ஒரு யென். ரயில் நிலையச் சாப்பாட்டுப் பொட்டலத்தின் தொடக்கம் இதுதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். வேறு சில ஊர்களும் அந்தப் பெருமைக்குப் போட்டி போடுகின்றன. அடுத்து 1889-ல் யமகட்டா மாநிலத்தின் சுருஓகா ஊரில், ஒரு கோயில் வளாகத்தில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டார்கள். ஒனிகிரி, சுட்ட உப்பு மீன், ஊறுகாய். புத்த பிட்சுகள் வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்து நடத்தியது. ஜப்பானின் பள்ளி மதிய உணவு வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனாலும் இதெல்லாம் வீட்டைவிட்டு வெளியே வந்தவனுக்கான ஏற்பாடு. வீட்டில் இருக்கிறவன் காசு கொடுத்து வாங்க வேண்டுமானால், வீட்டில் செய்ய முடியாத ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். அது சோற்றில் இல்லை, மேலே சுற்றிய பாசியில் இருந்தது.

எடோ காலத்திலேயே காகிதம் செய்கிற மாதிரி கடல்பாசியை அரைத்து, தாளாக விரித்துக் காயவைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதில் அசாகுசா நோரி பேர் போனது. கஷ்டம் என்னவென்றால், நோரியை வளர்ப்பது எப்படி என்று 20-ம் நூற்றாண்டின் பாதி வரை யாருக்குமே தெரியாது. இலையுதிர் காலத்தில் கடலில் மூங்கில் கிளைகளை நட்டுவைப்பார்கள். பாசி வந்து ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கோடையில் அது எங்கே போய் ஒளிகிறது என்பதே மர்மம். 'அதிர்ஷ்டப் புல்' என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது.

மர்மத்தை அவிழ்த்தவர் கேத்லீன் ட்ரூ-பேக்கர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தவர். 1928-ல் கல்யாணம் ஆனது. திருமணமான பெண்களை வேலையில் வைத்துக்கொள்வதில்லை என்பது அப்போது அங்கே விதி. வேலை போயிற்று, ஆராய்ச்சியை மட்டும் சம்பளம் இல்லாமல் தொடர்ந்தார். வேல்ஸ் கடற்கரைப் பாசி ஒன்றை வைத்து அவர் கண்டுபிடித்தது இது: கோடையில் பாசி எங்கும் போவதில்லை. சிப்பி ஓட்டுக்குள் துளைத்துக்கொண்டு இளஞ்சிவப்பு இழையாக வேறு உருவத்தில் வாழ்கிறது. அந்த இழையை அதுவரை வேறொரு தனி உயிரினம் என்றே நினைத்திருந்தார்கள். 1949-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. கியூஷு பல்கலைக்கழகத்தின் சொகிச்சி செகாவா இதைப் பின்தொடர, குமமோட்டோவில் ஃபுசாவோ ஓட்டா சிப்பி ஓடுகளில் விதைத்து வளர்க்கும் முறையை உருவாக்கினார். சில வருடங்களிலேயே அதிர்ஷ்டப் புல் விவசாயப் பயிர் ஆகிவிட்டது.

ட்ரூ-பேக்கர் 1957-ல் இறந்துபோனார். ஜப்பானுக்கு அவர் போனதே இல்லை. 1963-ல் நோரி விவசாயிகள் பணம் போட்டு அரியாகே கடலைப் பார்த்தாற்போல் உடோ என்ற ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். வருடாவருடம் ஏப்ரல் 14 அன்று அங்கே அவருக்கு மரியாதை செலுத்துகிறார்கள். சம்பளம் கொடுக்காத ஊர் ஒன்று, சின்னம் வைத்த ஊர் இன்னொன்று.

நோரி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் கொன்பினி வருகிறது. 1974 மே மாதம் டோக்கியோவின் டொயோசுவில் முதல் செவன்-இலெவன் திறந்தது. அதை நடத்திய தோஷிஃபுமி சுசுகி ஒனிகிரி விற்கலாம் என்றபோது, வீட்டில் செய்கிற பொருளை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு. நம்ம 'மேக் ஆர் பை' விடையேதான்! எல்லோரும் சாப்பிடுகிற பொருள் என்றால் அதற்கான தேவையும் அவ்வளவு பெரியது என்பது அவர் வாதம். ஆரம்பத்தில் விற்பனை மந்தம்தான்.

திருப்பம் 1978-ல். சோற்றுக்கும் நோரிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். காலையில் வீட்டில் சுற்றிய நோரி, சோற்றின் ஈரத்தை உறிஞ்சி மதியத்துக்குள் துவண்டுவிடும். கடை ஒனிகிரியிலோ சாப்பிடுகிற நிமிடத்தில்தான் இரண்டும் தொடும், அதனால் நோரி மொறுமொறு. பின்னால் வந்த உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். 1-ஐப் பிடித்து நடுவே கிழித்து, 2, 3 மூலைகளை இரு பக்கமும் இழுத்தால் உள்தாள் நழுவி வந்து நோரி சோற்றில் ஒட்டிக்கொள்ளும். கொன்பினி விற்றது சோற்றை அல்ல, அந்த மொறுமொறுப்பை. எந்தத் தாயாலும் டிபன் டப்பாவில் வைத்துக் கொடுக்க முடியாத ஒன்று.

மொறுமொறுப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றும் எனக்குத் தோன்றுகிறது. வீட்டு ஒனிகிரி மலிவு என்று கணக்குப் போடும்போது, விடியற்காலையில் எழுந்து சூட்டுச் சோற்றில் கை வைக்கிற பெண்ணின் கூலியைப் பூஜ்யம் என்று எழுதுகிறோம். மான்செஸ்டரில் ட்ரூ-பேக்கருக்கு எழுதிய அதே பூஜ்யம். பெண்கள் வெளி வேலைக்குப் போகப் போக அந்தப் பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. அந்த இடத்தில் கொன்பினியின் விலை ஒன்றும் அதிகமாகத் தெரியவில்லை.

அதன்பின் கடை வீட்டுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது. 1983-ல் வந்த டூனா மயோனைஸ் ஒனிகிரி, பாட்டிமார் முகம் சுளித்திருக்கக்கூடிய சேர்க்கை, இன்று எல்லா வீட்டிலும் உண்டு. கான்சாயில் உருளை, வடகிழக்கில் தட்டை என்று ஊருக்கு ஒரு வடிவம் இருந்தது போய், முக்கோணம் பொதுவானதற்கும் கொன்பினிதான் காரணம் என்பார்கள்.

1993-ல் கோடை குளிர்ந்துபோய் நெல் விளைச்சல் வழக்கத்தில் முக்கால் பங்காகச் சரிந்தது. 1991-ல் பினாட்டுபோ எரிமலை வெடித்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அரசு தாய்லாந்து அரிசியை இறக்குமதி செய்தது. நல்ல அரிசிதான், ஆனால் உதிரி உதிரியாக நிற்கும், பிடித்தால் பிடிபடாது. ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

2007-ல் கிட்டாக்யூஷு நகரில் 52 வயது மனிதர் ஒருவர் வீட்டில் இறந்துகிடந்தார். அரசு உதவித்தொகை நின்றுபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் விட்டுச்சென்ற டைரியில் ஒனிகிரி சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருந்தது நாட்டையே உலுக்கியது. அத்தனை கொன்பினிகள் உள்ள நாட்டில், அவர் கேட்டது இருப்பதிலேயே எளிய சாப்பாட்டை.

அரிசி மலிவாகவே இருக்கும் என்ற நம்பிக்கையும் அண்மையில் ஆட்டம் கண்டது. 2025 வசந்தத்தில் சூப்பர் மார்க்கெட்டில் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியது, முந்தைய வருடத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நேரம் பார்த்து விவசாய அமைச்சர் டக்கு எட்டோ, நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்களே கொடுத்துவிடுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். மே மாதமே பதவி விலக வேண்டியதாயிற்று. அடுத்து வந்த ஷின்ஜிரோ கொய்சுமி அரசுக் கையிருப்பு அரிசியை 5 கிலோ சுமார் 2,000 யென்னுக்குக் கடைகளில் கிடைக்கச் செய்ய, வாசல்களில் வரிசை நின்றது.

வீட்டில் செய்வது நின்றுவிட்டதா என்றால், இல்லை. கை படாமல் பிளாஸ்டிக் தாளில் வைத்துப் பிடிக்கிறவர்கள் இப்போது நிறைய. பிடிக்கவே வேண்டாம் என்று நோரியில் சோற்றைப் பரப்பி மடிக்கிற 'ஒனிகிராசு' ('பிடிக்காதது' என்று அர்த்தம்) 1991 வாக்கில் 'குக்கிங் பாப்பா' என்ற சித்திரக்கதையில் வந்து, 2014-ல் திடீரென்று எல்லோர் சமையலறையிலும் புகுந்தது. இன்னொன்றும் இருக்கிறது. 1, 2, 3 எண் போட்ட அந்தக் கொன்பினி உறை தனியாகக் கட்டுக்கட்டாக 100 யென் கடைகளில் விற்கிறது. வீட்டில் பிடித்த ஒனிகிரியை அதில் சுற்றி, கடையில் வாங்கியதைப்போலவே ஆபீசுக்கு எடுத்துப்போகலாம்.