இறங்கிய எடை, ஏறிய எடை: நடுவயது உடலின் சில சாட்சிகள்

1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் லண்டன்வாசியான வில்லியம் பான்டிங், வீட்டு மாடிப்படிகளில் பின்புறமாகத் திரும்பிக்கொண்டுதான் மெல்ல இறங்கினார். முன்னோக்கி இறங்கினால் முழங்கால்கள் பாரம் தாங்கவில்லை. குனிந்து காலணிக்கு நாடா கட்டவும் இயலவில்லை. வயது 65, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 202 ராத்தல். அதாவது ஏறத்தாழ 92 கிலோ. இன்று எந்த நகரத்துத் தெருவிலும் திரும்பிப் பார்க்கத் தூண்டாத எடைதான் இது. ஆனால் பொது இடங்களில் தம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட கேலிச்சொற்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை வாசிக்கையில், மூட்டுவலியைக் காட்டிலும் அதுவே அவரை அதிகம் வருத்தியது என்று நமக்குப் படுகிறது.

பான்டிங் குடும்பத்தாரின் தொழில் சவப்பெட்டி செய்வதும் இறுதி ஊர்வலங்களை ஏற்பாடு செய்வதும். செயின்ட் ஜேம்ஸ் தெருவிலிருந்த அந்த நிறுவனம் அரச குடும்பத்துக்கே அச்சேவையைச் செய்துவந்தது. 1852இல் வெலிங்டன் பிரபுவின் பிரம்மாண்டமான இறுதி ஊர்வலமும், 1861இல் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டின் அடக்கமும் அவர்கள் பொறுப்பில் நடந்தவை. பிறருடைய உடல்களுக்குப் பெட்டி அளந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர் தம் உடலை அளந்து எழுதிய சிறு பிரசுரம் 1863இல் வெளிவந்தது. உடற்பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதம் என்பது அதன் தலைப்பு. முதல் பதிப்பை அவர் இலவசமாகவே வழங்கினார். பின்னர் விலைக்கு வந்த பதிப்புகள் பல்லாயிரக்கணக்கில் விற்றன. எடை குறைப்பு என்ற பெரும் வணிகத்தின் முதல் வெற்றிநூல் என்று பலரும் அதையே குறிப்பிடுவர்.

அக்கடிதத்தில் நம்மை ஈர்ப்பது வெற்றி அல்ல. வெற்றிக்கு முந்தைய முப்பதாண்டுத் தோல்வி. முப்பதுகளில் பருக்கத் தொடங்கியபோது ஒரு மருத்துவர் அவரிடம் உடலுழைப்பைக் கூட்டச் சொன்னார். பான்டிங் நாள்தோறும் அதிகாலையில் இரண்டு மணிநேரம் கனமான படகை வலித்தார். தசை முறுக்கேறியது, கூடவே அகோரப் பசியும் வந்தது, எடை ஏறியது. படகு வலிப்பதை நிறுத்துமாறு அதே மருத்துவரே சொல்ல நேர்ந்தது. பிறகு கடற்காற்று, கடற்குளியல், குதிரைச் சவாரி, குடம் குடமாக மருந்து, லெமிங்டன், செல்டனம், ஹாரோகேட் ஊற்றுகளின் தண்ணீர். துருக்கிய நீராவிக் குளியல் மட்டும் பல முறை; கரைந்தது ஆறு ராத்தல். நடுவயது முழுவதும் ஒரு மனிதர் தமக்குச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் செய்துபார்த்துத் தோற்றிருக்கிறார். தாம் சோம்பேறியும் அல்ல, பெருந்தீனிக்காரரும் அல்ல என்று அவர் கடிதத்தில் வாதாடுகிறார். எதிரே வழக்குத் தொடுத்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

காது மந்தமானதால் வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் சென்றதுதான் திருப்பம். பாரிஸில் கிளோத் பெர்னாரின் உரைகளைக் கேட்டிருந்த ஹார்வி, ஈரலே சர்க்கரையை உற்பத்தி செய்கிறது என்ற அன்றைய புதிய அறிவிலிருந்து, மாவுப்பொருளும் இனிப்பும்தான் கொழுப்பாகத் தேங்குகின்றன என்று ஊகித்திருந்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அவர் விலக்கச் சொன்னார். விலக்கியது போக மிஞ்சிய பட்டியலும் எளிமையானதல்ல. காலையில் ஐந்து அவுன்ஸ் வரை மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ மீனோ, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். பகலில் மீன், இறைச்சி, காய்கறி, கோழி, இரண்டு மூன்று கிண்ணம் சிவப்பு வைன். இரவில் மறுபடியும் இறைச்சி, மறுபடியும் வைன். தூங்குமுன் தேவைப்பட்டால் சர்க்கரை கலவாத மதுவில் ஒரு தம்ளர். விக்டோரியா காலத்து லண்டனில் இதை நாள்தோறும் உண்ணக்கூடியவர் எத்தனை பேர் என்ற கேள்வி கடிதத்தில் எழவே இல்லை. ஏழையின் உணவு ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். பான்டிங்குக்கு விலக்கப்பட்டவை அவையே.

1863 செப்டம்பரில் அவர் எடை 156 ராத்தல். ஓராண்டில் 46 ராத்தல், சுமார் 21 கிலோ, குறைந்திருந்தது. இடுப்பளவில் 12 அங்குலத்துக்குச் சற்று மேல். தேதிவாரியாக எடையை எழுதிப் பட்டியலாக அச்சிட்டார். ஒரு வணிகரின் பேரேட்டைப் போன்ற அந்தப் பட்டியல்தான் வாசகரை வென்றது என்பது நம் எண்ணம். மருத்துவ இதழ்கள் எள்ளி நகையாடின. ஆனால் அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாயிற்று. சுவீடன் மொழியில் பத்திய உணவால் எடை குறைப்பதற்கு இன்றும் ‘பான்டா’ என்றே சொல்கிறார்கள். சென்ற பத்தாண்டில் தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவிய உணவுமுறையைப் பின்பற்றியவர்கள், சோற்றையும் சர்க்கரையையும் தள்ளிவைத்தபோது, இந்த ஈமச்சடங்குக்காரரின் பாதையிலேயே நடந்தார்கள் எனலாம். பான்டிங் 1878இல், 81ஆம் வயதில் மறைந்தார்.

தன் உடலையே ஆதாரமாகக் காட்டி எழுதும் மரபு அவரோடு தொடங்கியதல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நாட்டுக் கனவானான அல்வீசே கொர்நாரோ, கேளிக்கை வாழ்வின் விளைவாக நாற்பதை எட்டுமுன்பே வயிற்றுநோயும் கீல்வாதமுமாக நொந்து, நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் வைன் என்று வரையறுத்துக்கொண்டார். முதுமையில் உற்றார் வற்புறுத்தி இரண்டிரண்டு அவுன்ஸ் கூட்டவைத்தபோது நோயில் விழுந்து, பழைய அளவுக்குத் திரும்பியே பிழைத்தாராம். 1558இல் பதுவா நகரில் அவர் நூல் அச்சேறியது. தம் வயதை அவர் சற்றுக் கூட்டியே சொல்லிக்கொண்டார் என ஆய்வாளர்கள் கருதுவதுண்டு. எடையைக் குறைத்துச் சொல்வோர் மலிந்த இத்துறையில், வயதைக் கூட்டிச் சொன்ன ஒருவர்!

கொர்நாரோவுக்கு வந்த கூர்மையான மறுப்பு மருத்துவரிடமிருந்து வரவில்லை, நீட்ஷேயிடமிருந்து வந்தது. 1889இல் வெளியான ‘விக்கிரகங்களின் அந்தி’யில், காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக்கொண்டதற்கு முதல் உதாரணமாக அவர் இந்த நூலைத்தான் எடுத்தார். குறைவாக உண்டதால் நீண்டநாள் வாழ்ந்தவரல்ல கொர்நாரோ. அவர் உடலின் இயக்கம் மிக மந்தமானது, அதனாலேயே அவரால் குறைவாக மட்டும் உண்ண முடிந்தது, மிகுதியாக உண்டால் நோயுற்றார் என்பது நீட்ஷேயின் வாதம். தத்துவ ஆசிரியரின் உடற்கூற்றியலை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருடைய மன உறுதி என்று நாம் புகழ்வதில் எவ்வளவு பங்கு அவர் உடலின் இயல்பு என்ற கேள்வியை அவருக்கு முன் இத்தனை அப்பட்டமாக எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கொர்நாரோவும் பான்டிங்கும் வென்றவர்கள். இவர்களுக்கு இடையே வாழ்ந்த, இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட மூன்றாமவரே நமக்கு மிக நெருக்கமானவர். ஜார்ஜ் செய்னி ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தார். ஊரறிந்த சாதுரியர்களோடு மதுச்சாலைகளில் உண்டு குடித்து நோயாளிகளைச் சேர்ப்பதே அன்று ஒரு புதிய மருத்துவர் தொழிலில் காலூன்றும் வழி. செய்னியும் அப்படியே உண்டார், குடித்தார், பருத்தார், மூச்சுத் திணறினார். நோய் முற்றியதும் விருந்து நண்பர்கள் விலகிப்போனார்கள். கிராமப்புறம் சென்று பால் உணவால் மெலிந்து மீண்டார். இங்கே கதை முடிந்திருந்தால் அது பான்டிங்கின் கதையாகியிருக்கும்.

முடியவில்லை. உடல் தேறியதும் உணவு சிறிது சிறிதாகப் பழைய வழிக்குத் திரும்பியது. பாத் நகரில் புகழ்பெற்ற மருத்துவராக இருந்த காலத்தில் அவர் எடை 448 ராத்தல், அதாவது 200 கிலோவைத் தாண்டிவிட்டது. ஆரோக்கியமும் நீண்ட ஆயுளும் பற்றி அவர் எழுதிய நூல் 1724இல் வெளியாகிப் பல பதிப்புகள் கண்டது இதே காலகட்டத்தில்தான். நோயாளிக்கு மிதவுணவைப் போதித்த கை தன் தட்டில் என்ன செய்தது என்று கேலி பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள். மீண்டும் பால், தானியம், காய்கறி; மீண்டும் மெலிவு; நடுவே மீண்டும் சறுக்கல். 1733இல் வெளியான ‘ஆங்கிலேயரின் நோய்’ என்ற நூலின் இறுதியில், ஆசிரியரே நோயாளியாகத் தம் வரலாற்றை முழுமையாக வைத்தார். உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் கப்பலில் வந்திறங்கும் தின்பண்டங்களே தம் நாட்டாரின் உடலையும் நரம்பையும் கெடுத்தன என்பது அந்நூலின் குற்றச்சாட்டு. ஒருமுறை அல்ல, இருமுறை எடையிழந்து திரும்பப் பெற்றதை ஒரு மருத்துவர் தம் பெயரிலேயே ஒப்புக்கொண்டு அச்சிட்டிருப்பது எந்த வெற்றிப் பட்டியலையும் விட நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அவரிடம் கடிதம் வழியே வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர், அவர் நூல்களை அச்சிட்டவரும் ‘பமீலா’ நாவலை எழுதியவருமான சாமுவேல் ரிச்சர்ட்சன். ஐம்பது வயது, நாள் முழுக்க மேசையடியில் அமர்ந்திருக்கும் அச்சகத்தார், குட்டையான, பருத்த உடல். செய்னியின் பரிந்துரைகளில் உணவுக் கட்டுப்பாட்டோடு அவ்வப்போது வாந்தி மருந்தும், ‘அறைக்குதிரை’ என்ற விசித்திர நாற்காலியும் உண்டு. சுருள்வில் பொருத்திய அந்த இருக்கையில் அமர்ந்து மேலும் கீழுமாகக் குலுங்கினால் குதிரைச் சவாரியின் பலன் வீட்டுக்குள்ளேயே கிட்டும். இன்று துணி காயப்போடப் பயன்படும் நடைப்பயிற்சி இயந்திரங்களின் பாட்டன் இது. தாமும் அவ்வழியே வந்தவர் என்ற உரிமையில் செய்னி அவரை அதட்டுகிறார், தேற்றுகிறார். இந்தக் கடிதங்கள் 1743இல் செய்னி இறக்கும்வரை தொடர்ந்தன.

அரை ஆயுள் கடந்த பெண்ணுக்கு இந்தச் சாட்சிக்கூண்டில் இடம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1961இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெச் என்ற 38 வயது இல்லத்தரசியின் எடை 214 ராத்தல். கடையில் எதிர்ப்பட்ட ஒரு தெரிந்த பெண்மணி, மாசமாக இருப்பதாக எண்ணிப் பிரசவம் எப்போது என்று விசாரித்தாராம். நகராட்சி நடத்திய எடைகுறைப்பு மருத்துவ மையத்துக்குப் போனார். அங்கே கொடுத்த உணவுப் பட்டியலில் அவருக்குக் குறை ஒன்றுமில்லை. இரவில் ஒளித்துவைத்துத் தின்ற பிஸ்கட்டுகளைப் பற்றி அங்கே வாய்திறக்க முடியவில்லை என்பதுதான் குறை. ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தத்தம் ஒளிவிடங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் நடந்த அந்தப் பேச்சு 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற நிறுவனமாயிற்று. அவர் 72 ராத்தல் குறைத்தார். பலமுறை குறைத்து ஏற்றியவர் என்பதால், இறங்கிய பின்னும் கூட்டத்துக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வயதானால் உடல் எரிப்பது குறைந்துவிடும் என்பது நடுவயதில் நாம் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் சமாதானம். 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளை வெளியிட்டபோது, உடல் பருமனளவையும் கொழுப்பின் விகிதத்தையும் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயதுவரை அந்தச் செலவு ஏறத்தாழ மாறாமலே இருப்பது தெரியவந்தது. சமாதானம் பறிபோயிற்று. ஆனால் செய்னியின் சறுக்கலுக்கு விளக்கம் வேறொரு பக்கத்திலிருந்து வந்திருந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தவரின் உடல், சுருங்கிய அளவுக்குச் செலவிட வேண்டியதைவிடவும் குறைவாகவே செலவிடுகிறது என்று 1995இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரூடால்ஃப் லைபல் குழுவினர் காட்டினார்கள். பசியைத் தூண்டும் சுரப்புகள் எடை இறங்கி ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று கண்டது. இழந்ததை மீட்டெடுக்க உடல் காத்திருக்கிறது. பான்டிங்கின் பட்டியலில் இடம்பெறாத பக்கங்கள் இவை.

இப்போது அப்பசியையே அடக்கும் ஊசி வந்துவிட்டது. நைடெச் 2015இல், 91 வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 2023இல் அத்தகைய மருந்துகளைப் பரிந்துரைக்கும் சேவையொன்றை விலைக்கு வாங்கியும், 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. வாராந்தரப் பேச்சுக்கு முன்போல் ஆள் வரவில்லை. அம்மருந்துகளில் ஒன்றான செமாக்ளுடைடைச் சோதனையில் எடுத்துக்கொண்டவர்கள், நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றிருந்ததாக 2022இல் வெளியான அறிக்கை தெரிவிக்கிறது.