தோள்சீலையும் கவர்னர் கடிதமும்

கடவுள் பேரால் ஆட்சி நடத்துகிறவர்களை எதிர்த்து சனங்கள் தெருவுக்கு வந்தால், வெளிநாட்டுத் தலைவர்கள் உடனே அறிக்கை விடுகிறார்கள். ஒருவர் கண்டிக்கிறார், ஒருவர் கவலை தெரிவிக்கிறார், இன்னொருவர் அது அவர்கள் உள்நாட்டு விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறார். 2022-இல் ஈரான் நாட்டுப் பெண்கள் முக்காட்டைக் கழற்றி வீசிப் போராடியபோது இதையெல்லாம் நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த அறிக்கைகளால் உள்ளே அடி வாங்குகிறவனுக்கு என்ன பிரயோஜனம்?

இதற்குப் பதில் தேட ஈரான் வரை போக வேண்டாம். நம் தமிழ்நாட்டின் தென்கோடியிலேயே ஒரு கதை இருக்கிறது. தோள்சீலைக் கலகம் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கவர்னர் உண்டு, ரெசிடெண்டு உண்டு, மகாராணியின் பிரகடனமும் உண்டு. அந்தப் பக்கத்தை மட்டும் இன்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று மலையாள ராஜ்யத்தோடு இருந்த பகுதி. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் நம் பக்கம் 1801 முதலே கும்பினியாரின் நேரடி ஆட்சிக்கு வந்து, தென்னாற்காடு ஜில்லா ஆகிவிட்டது. திருவிதாங்கூர் அப்படி அல்ல. அங்கே ராஜா இருந்தார். ஆனால் அந்த ராஜாவுக்கும் மேலே ஒரு ராஜா இருந்தார்.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். வாளைச் சந்நிதியில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார். இதற்குத் திருப்படித்தானம் என்று பெயர். அன்று முதல் நாடு சுவாமியுடையது, ராஜா அவருடைய அடிமை, அதாவது பத்மநாபதாசன். பின்னால் வந்த ராஜாக்கள் எல்லோரும் அந்தப் பட்டத்தோடுதான் ஆண்டார்கள். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம், ஊர் ஊருக்கு பிராமணர்களுக்கு ஊட்டுப்புரை. கொலைக் குற்றம் செய்தாலும் பிராமணனுக்கு மரண தண்டனை கிடையாது. வழக்கம்தான் சட்டம், வழக்கத்தை மீறுவது தெய்வ குற்றம் என்று ஆயிற்று. இதை மத ஆட்சி என்று சொன்னால் மிகையாகாது.

அந்த வழக்கத்தில் ஒன்றுதான் மார்புத் துணி. கீழே உள்ளவன் மேலே உள்ளவன் முன்னால் மார்பை மூடக்கூடாது, அது மரியாதைக் குறைவு. ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான். அன்றைய ஆவணங்களில் சாணார் என்று எழுதப்பட்டு, பின்னாளில் நாடார் என்று பெயர் பெற்ற சமூகத்தினர் நாஞ்சில் நாட்டிலும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் நிறைய இருந்தார்கள். பனையேறிப் பிழைத்தவர்கள். அவர்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்க நகை கூடாது, மாடி வீடு கூடாது. அவர்கள் வீட்டுப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே கூலியில்லாத ஊழியம் செய்ய வேண்டும். கூப்பிட்டால் போக வேண்டும், கூலி கேட்கக் கூடாது. கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களுக்குக் கீழே இருந்த சனங்களைத் தெரிந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. அங்கே அதே சாதி, அதே உறவுமுறை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீடுகள். ஆனால் அங்கே கும்பினி அரசாங்கம், துணி விஷயத்தில் அது தலையிடவில்லை. ஒரு மலைக்கு அந்தப் பக்கம் அக்காள் தோளை மூடலாம், இந்தப் பக்கம் தங்கை மூடக்கூடாது. இது எத்தனை நாளைக்கு நிற்கும்?

1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். பிறகு மீட் பாதிரியாரும் மற்றவர்களும் வந்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது. மிஷனரிமார்களின் மனைவிகள் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள், கையில் கொஞ்சம் காசு புழங்கியது. ஆண்களில் சிலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்ச் சம்பாதித்து வந்தார்கள். எழுத்தும் காசும் வந்தபிறகு குனிந்து போகச் சொன்னால் யார் போவார்கள்?

முதலில் வந்த வெளியார் உத்தரவு கர்னல் மன்றோவுடையது. ரெசிடெண்டாக இருந்துகொண்டே 1811 முதல் 1814 வரை திவான் வேலையையும் பார்த்தவர். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் காலத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் பெண்கள் சட்டையோடு நிற்கவில்லை. அதன்மேல் உயர்சாதிப் பெண்கள் போல ஒரு மேல்துணியையும் போட்டார்கள். அதுதான் தோள்சீலை. சட்டையை எப்படியோ பொறுத்துக்கொண்டவர்களால் தோள்சீலையைப் பொறுக்க முடியவில்லை.

1822-இல் கல்குளம் பக்கம் கலகம். சந்தையிலும் தெருவிலும் பெண்களின் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். வழக்கு பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போய், 1823-இல் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதோடு முடியவில்லை. 1827 முதல் மறுபடி அடிதடி, பள்ளிக்கூடங்களுக்கும் ஜெப வீடுகளுக்கும் தீ. 1829 பிப்ரவரியில் ராணி பார்வதி பாய் அரசு ஒரு விளம்பரம் போட்டது. சட்டை போடலாம், தோள்சீலை கூடாது, ஊழியமும் வழக்கம்போலச் செய்யத்தான் வேண்டும் என்று. கும்பினியார் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். திருவிதாங்கூர் வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் அவர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. பணம் ஒழுங்காக வந்தது, நாடு அமைதியாக இருந்தது. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில் அய்யா வைகுண்டரைச் சொல்லாமல் போனால் கதை முழுமையாகாது. 1809-இல் பிறந்தவர். பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைக்க, அந்தப் பெயர் இந்தச் சாதிக்கு ஆகாது என்று அதிகாரிகள் தடுத்ததால் முத்துக்குட்டி ஆனார் என்று சொல்வார்கள். சாமித்தோப்பில் இருந்துகொண்டு, எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுங்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஆண்கள் தலைப்பாகை கட்டுங்கள் என்றார். இன்றும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடுதான் வணங்குகிறார்கள். சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. அவருடைய மக்கள் போற்றும் அகிலத்திரட்டு அம்மானையில் திருவிதாங்கூர் ராஜாவும் நீசன்தான், வெள்ளைக்காரனும் வெண்நீசன்தான். வெளியிலிருந்து யாரோ வந்து கரையேற்றுவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை.

இனி 1858-க்கு வருவோம். வடக்கே சிப்பாய்க் கலகம் அடங்கிக்கொண்டிருந்த நேரம். நவம்பர் 1-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது. குடிகளின் மத விஷயத்தில் அரசு தலையிடாது என்பது அதில் ஒரு முக்கிய வாக்குறுதி. தெற்கே இதை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். இனி வெள்ளைக்காரன் பாதிரிக்கு ஆதரவாக வரமாட்டான், பழைய வழக்கத்தை நிலைநாட்டலாம் என்று ஒரு பக்கம் நினைத்தது. மகாராணியே சுதந்திரம் கொடுத்துவிட்டார் என்று இன்னொரு பக்கம் நினைத்தது. தூரத்திலிருந்து ஒருவர் பொதுவாகச் சொல்லும் நல்ல வார்த்தை, உள்ளூருக்கு வரும்போது இப்படித்தான் இரண்டு அர்த்தம் ஆகிவிடுகிறது.

மறுபடி துணி கிழிப்பு, வீடு எரிப்பு, ஜெப வீடு எரிப்பு. அப்போது திவான், கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். முப்பது வயதுக்காரர், கெட்டிக்காரர். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் சிலை அவருடையதுதான், அந்த இடத்துக்கே ஸ்டாச்சு என்று பெயர். அப்படிப்பட்டவரும் 1858 டிசம்பரில் போட்ட விளம்பரத்தில், அரசு உத்தரவில்லாமல் பழைய வழக்கத்தை மீறக்கூடாது என்றே எச்சரித்தார். ரெசிடெண்டு ஜெனரல் கல்லன் 1840 முதல் அங்கேயே இருந்தவர், அரண்மனைக்கு வேண்டியவர். அவரும் திவான் பக்கமே பேசினார். 1859 ஜனவரியில் நாகர்கோவில் சுற்று வட்டாரத்தில் நிலைமை மோசமானது. மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள், சென்னைக்கும் எழுதினார்கள்.

1859 மார்ச்சில் சென்னைக்குப் புது கவர்னர் வந்தார். சர் சார்லஸ் ட்ரெவெல்யன், மெக்காலேயின் தங்கை கணவர். காகிதங்களைப் படித்துவிட்டு ரெசிடெண்டு கல்லனுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். நியாயமும் மனிதத்தன்மையும் முழுக்க ஒரே பக்கத்தில் இருக்கும் இதுபோன்ற வழக்கு அபூர்வம், இதைச் சகித்துக்கொண்டால் உலகமே நம்மைத் தூற்றும் என்பது அதன் சாரம். இது வெறும் அறிக்கை அல்ல. ஒப்பந்தப்படி திருவிதாங்கூருக்குப் புத்திமதி சொல்லும் அதிகாரம் கும்பினிக்கு இருந்தது, அது இப்போது மகாராணி அரசின் கையில். புத்திமதியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று ராஜாவுக்குத் தெரியும்.

1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் போட்டார். சாணார் பெண்கள், எந்த மதமானாலும், மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வால் வைத்தார். உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் உடுத்தக்கூடாது! மானத்தை மூடிக்கொள், சமமாகிவிடாதே என்று அர்த்தம். மற்றத் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்கு இந்த உரிமை 1865-இல்தான் வந்தது. கோயிலுக்குள் நுழைய 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது கவர்னருக்கு வருவோம். இந்த ட்ரெவெல்யன்தான் 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லண்டன் கஜானாவில் நிவாரணப் பொறுப்பில் இருந்தவர். லட்சக்கணக்கான சனங்கள் பட்டினியால் செத்தபோது, அரசாங்கம் அளவுக்கு மீறி உதவினால் சனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று கையை இறுக்கிப் பிடித்தவர். அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அவர் பெயரைச் சபிக்கிறார்கள். நாகர்கோவிலுக்கு நல்லவர், அயர்லாந்துக்குப் பொல்லாதவர். இரண்டும் ஒரே மனிதர்தான். அடுத்த வீட்டு அநியாயம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தன் வீட்டு அநியாயம் தெரிவதில்லை.

ஈரானில் 2022 செப்டம்பர் 16-இல் மாசா அமினி என்ற 22 வயதுப் பெண், முக்காடு சரியில்லை என்று பிடித்துப்போன ஒழுக்கக் காவலர்களின் காவலில் இருந்தபோது இறந்தார். அமெரிக்கா அந்தக் காவல் படைமீது தடை போட்டது. டிசம்பரில் ஐ.நா.வின் பெண்கள் ஆணையத்திலிருந்து ஈரானை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. 29 நாடுகள் நீக்கச் சொல்லின, 8 எதிர்த்தன, 16 ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் நம் இந்தியாவும் ஒன்று. எண்ணெய், துறைமுகம், பழைய சிநேகிதம் என்று காரணம் சொல்லலாம். அன்று கும்பினிக்கு எட்டு லட்சம் இருந்ததைப்போல, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு எட்டு லட்சம் இருக்கத்தான் செய்கிறது.

அங்கே முக்காட்டை எடுக்க வேண்டும் என்று போராட்டம், இங்கே மார்பை மூட வேண்டும் என்று போராட்டம். எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் கேள்வி ஒன்றுதான். என் உடம்பில் எந்தத் துணி இருக்க வேண்டும் என்று சாமி பேரைச் சொல்லி நீ யார் தீர்மானிக்க?

வெளியார் குரலுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ட்ரெவெல்யன் கடிதம் இல்லாவிட்டால் 1859 விளம்பரம் அந்த வருஷம் வந்திருக்காது. ஆனால் அந்தக் கடிதத்துக்கு முன்னால், கிட்டத்தட்ட நாற்பது வருஷம், கிழிபடும் என்று தெரிந்தே தோள்சீலையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள் இருந்தார்கள். ஒரு நாள் கிழித்தால் மறு வாரம் இன்னொரு துணியோடு போனார்கள். அவர்கள் போகாமல் இருந்திருந்தால் கவர்னருக்கு எழுத விஷயமே இருந்திருக்காது. கவர்னர் பெயரும் திவான் பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் எதிலும் இல்லை.

இந்த வரலாறு ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தில் சில வருஷம் இருந்தது. 2019-இல் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். பாடச் சுமையைக் குறைப்பதற்காம். ஆகவே பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது. அடுத்த முறை கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்கக் கூட்டிப்போனால், பக்கத்தில் இருக்கும் சாமித்தோப்புக்கும் ஒரு நடை கூட்டிப்போய், அங்கே தலைப்பாகை எதற்கு என்று சொல்லிக்கொடுங்கள்.