பிஞ்சு உடம்புக்கு ஒரு சட்டை

1690-இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை இருந்த ஊர்களும் அந்த விலைக்குள் அடக்கம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்த வியாபாரத்துக்கு இன்றும் சாட்சி சொல்கிறது. கோட்டைக்குப் புனித டேவிட் என்று பெயர் வைத்த வெள்ளைக்காரர்கள் கடலூர்க் கரையில் தேடிவந்தது துணியை. சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த துணி வெளுக்கப்பட்டு, மூட்டை கட்டப்பட்டு, கப்பலேறி லண்டன் போனது. அதில் முக்கியமானது ஒரு பீஸ் சுமார் 35 கஜம் நீளும் வெள்ளைப் பருத்தித் துணி. லாங்கிளாத் என்று சோழமண்டலக் கரையெங்கும் கம்பெனிக்காரர்கள் கேட்டு வாங்கிய சரக்கு அதுதான்.

அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் கைக்குழந்தையின் உடை மாறிக்கொண்டிருந்தது. அதுவரை அங்கே பிறந்த குழந்தையைக் கை கால் அசையாதபடி நாடாவால் சுற்றிக் கட்டிவைப்பார்கள். 1748-இல் வில்லியம் கடோகன் என்ற பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் இந்தப் பழக்கத்தைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதினார். குழந்தைக்குத் தளர்வான, இலேசான உடைதான் வேண்டும் என்று வாதாடினார். கட்டு அவிழ்ந்ததும் மெல்லிய கவுன்கள் வந்தன. துவைக்கத் துவைக்க மென்மையாகும் பருத்தி அதற்குத் தோதாக இருந்தது. பின்னாளில் மான்செஸ்டர் ஆலைகள் லாங்கிளாத்தையும் நைன்சூக் என்ற மெல்லிய இந்தியப் பருத்தித் துணியையும் மாதிரி பார்த்துத் தாங்களே நெய்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில இல்லத்தரசிகளுக்கான கையேடுகள் குழந்தைத் துணிக்குப் பரிந்துரைத்த பட்டியலில் இந்த இந்தியத் துணிகளின் பெயர்கள் நிலையாக இடம்பெற்றன.

நம் வீடுகளில் முறை வேறு. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள் பாட்டிமார்கள். தாத்தாவின் பழைய வேட்டி, அம்மாவின் நைந்த நூல்சேலை, அக்கா பிள்ளைகள் போட்டுக் கழித்த சட்டை, இவைதான் முதல் உடுப்பு. பிள்ளை பிறக்கும் முன்பே துணி தைத்து வைக்கவும் கூடாது. பலமுறை துவைத்து நூல் தளர்ந்த பருத்தி புண்படுத்தாது என்ற அனுபவ அறிவும், கண்பட்டுவிடுமோ என்ற அச்சமும் இந்த வழக்கத்தில் கலந்திருக்கின்றன. தூளிக்குக் கட்டும் சேலையும் அப்படித்தான், உடுத்திப் பழகியதாக இருக்கவேண்டும். ஆகவே குழந்தைக்கென்று அளவெடுத்து வெட்டி, பூவேலை செய்து, அடுத்த தலைமுறைக்கும் எடுத்துவைக்கும் உடை தமிழ் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. வகுப்பறை வழியாக வந்தது.

அப்படி ஒரு வகுப்பு உருவான கதை ஸ்காட்லாந்தில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1814-இல் ஏர் நகரத்து ஜேமிசன் அம்மையார், பிரபு குடும்பத்துப் பெண்மணி ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த குழந்தைக் கவுனை இரவல் வாங்கினார். மஸ்லின் துணியில் நூலை விலக்கி, துளைகளுக்குள் நுண்மையான வலைப்பின்னல் போட்ட வெள்ளைமேல் வெள்ளை வேலை அது. அவர் தையல்களைப் பிரித்தறிந்து சுற்றுப்புறப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஏர்ஷயர் வேலைப்பாடு என்று பெயர்பெற்ற இந்தத் தொழில் ஞானஸ்நான அங்கிகளுக்காக ஐம்பது ஆண்டு செழித்தது. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பருத்தி வரத்தை நிறுத்தியது. சுவிட்சர்லாந்தின் எம்பிராய்டரி இயந்திரங்களும் அதே சமயம் சந்தைக்கு வந்தன. தொழில் சரிந்தது. குடிசையில் மங்கிய வெளிச்சத்தில் தைத்த பெண்களுக்குக் கிடைத்தது சில்லறைக் காசும் கெட்டுப்போன கண்ணும்.

ஏறக்குறைய அதே காலத்தில் தமிழ்மண்ணின் தென்கோடியில் இன்னொரு வகுப்பு தொடங்கியது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819 கடைசியில் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். மார்த்தா பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். உருண்டைத் தலையணை ஒன்றில் துளையிட்ட மாதிரித்தாளைப் பொருத்தி, குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. ஒரு விரற்கடை லேஸுக்கு நெடுநேரம் பிடிக்கும். நூல் அழுக்காகக் கூடாது. இழை இறுகினாலும் தளர்ந்தாலும் பூ கோணும்.

அந்தப் பள்ளிக்கு வந்த பெண்கள் யார் என்பதில்தான் இந்த வரலாற்றின் கனம் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை நடைமுறையில் இருந்த காலம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியத் தடையிருந்தது. மிஷன் வீடுகளில் தைத்த குப்பாயம் என்ற மேற்சட்டையை அணிந்து சந்தைக்குப் போன பெண்கள் தாக்கப்பட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் பல அலைகளாக நீண்டு, நாடார் பெண்கள் மேலாடை அணிய 1859-இல் அரச அறிவிப்பு வந்த பின்பே ஓரளவு தணிந்தது. தங்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கு அடிபட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளைக்காரக் குடும்பங்களின் உடைகளுக்கு அந்தச் சமூகத்துப் பெண்கள் நுண்ணிய லேஸ் பின்னினார்கள்.

ஆனால் கூலி அவர்கள் கைக்கு வந்தது. லேஸ் விற்ற பணத்தில் பள்ளிகள் நடந்தன. அடிமையாக இருந்த சில பெண்கள் தங்கள் லேஸ் வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியதை மிஷன் பதிவுகள் குறிப்பிடுகின்றன. திருவிதாங்கூர் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-இல்தான். சட்டம் வரும் முன்பே ஊசியும் நூலும் சிலருக்கு அந்த வேலையைச் செய்து முடித்திருந்தன. 1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் நாகர்கோவில் லேஸ் காட்சிக்கு வைக்கப்பட்டது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி போனபோது பெண்கள் பள்ளியையும் லேஸ் வகுப்பையும் அங்கே கொண்டுசென்றார். மொழிநூலுக்காகக் கால்டுவெல்லை நினைக்கும் தமிழுலகம் அதே ஊரில் எலைசா நடத்திய தையல் பள்ளியை அதிகம் பேசியதில்லை.

கத்தோலிக்கக் கன்னியர் மடங்களும் இந்தப் பாதையில் நடந்தன. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மரி லூயிஸ் தெமீஸ்டர் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்தைப் பொறுப்பேற்றார். பெல்ஜிய நாட்டு லேஸ் கலை அங்கு வேர்விட்டது. கடலூருக்கு மிக அருகிலும் ஒரு மடம் உண்டு. குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் புதுச்சேரிக்கு வந்தது 1827-இல். ரோமன் ரோலன் வீதியில் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு வீடு ஒன்றில் அவர்கள் நடத்தும் எம்பிராய்டரி கூடம், கையால் பூவேலை செய்யும் ஏழைப் பெண்களுக்கு வேலை தருகிறது. கடலூரிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் ஐரோப்பிய வெள்ளைவேலையின் பாரம்பரியம் கைமாறிக் கைமாறி உயிரோடு இருக்கிறது.

இப்படிப்பட்ட பூவேலையின் முதல் பாடம் படம் இறக்குவது. மெல்லிய தாளில் பூவை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால் துளைவழியே புள்ளி புள்ளியாகப் பூ இறங்கும். இந்த முறையை இந்தியாவெங்கும் எம்பிராய்டரிக்காரர்கள் கையாளுகிறார்கள்.

கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே கைவேலைக் கல்வி வேறொரு திசையிலும் போனது. டேனிஷ் மிஷனில் பணியாற்ற வந்த ஆன் மரி பீட்டர்சன், காந்தியின்மேல் கொண்ட ஈடுபாட்டால் மிஷனைவிட்டு விலகி, அதே மிஷனில் இருந்த எஸ்தர் ஃபேரிங்கோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான தேசியப் பள்ளியைத் திட்டமிட்டார். 1921-இல் காந்தியே அதற்கு அடிக்கல் நாட்டினார். சேவா மந்திர் என்று வளர்ந்த அந்தப் பள்ளியின் சின்னம் ராட்டை என்றே சொல்லலாம். நாகர்கோவில் வகுப்பின் நூல் ஐரோப்பிய வீட்டைப் பார்த்துப் போனது. பரங்கிப்பேட்டையில் நூல் தன் உடம்புக்கே நூற்கப்பட்டது. இரண்டிலும் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கக் கைவேலை ஒரு கதவாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய தமிழகத்தில் இந்தக் கலையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் தையல் டீச்சர். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தையல் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள். இரண்டையும் முடித்து, தொழிலாசிரியர் பயிற்சியும் பெற்ற பெண்கள் பள்ளிகளில் ஆசிரியைகள் ஆனார்கள். குழந்தை உடையில்தான் பாடம் தொடங்கும். துணி கொஞ்சம் போதும், பிசகினால் நட்டம் குறைவு, ஆனால் பெரிய உடையில் வரும் எல்லா வேலையும் சின்ன அளவில் அதிலேயே வந்துவிடும்.

முதலில் ஜப்லா என்ற கைக்குழந்தைச் சட்டை. முதுகுப்பக்கம் திறப்பு, பொத்தானுக்குப் பதில் நாடா. பொத்தான் கழன்று பிள்ளையின் வாய்க்குப் போய்விடும் என்பதை டீச்சர் முதல் நாளே சொல்லிவிடுவார். கழுத்துக்குக் கிராஸ் பட்டி வைத்தே தைக்கவேண்டும். நேர்ப்பட்டி வளைவில் சுருங்கி உறுத்தும். பக்கத் தையலுக்குப் பிரெஞ்சுத் தையல்: துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒருமுறை தைத்து, ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி இன்னொரு முறை தைத்தால் பிசிறு உள்ளேயே அடங்கிவிடும். உள்ளும் புறமும் ஒரே சுத்தமாக இருப்பதுதான் நல்ல குழந்தை உடைக்கு அடையாளம்.

அடுத்து பிப், பெட்டிகோட், யோக் வைத்த கவுன். யோக்கில் ஊசிமுனை அகலத்துக்கு வரிசையாக டக். கவுனின் கீழ்மடிப்புக்கு மேலே இரண்டு மூன்று அகலமான டக் பிடித்துவைத்தால், பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து நீளம் கூட்டலாம். ஸ்மாக்கிங்குக்குத் தேவையான அகலத்தைப்போல் மூன்று மடங்கு துணி எடுக்கவேண்டும். புள்ளி வைத்து, ஓட்டுத்தையலில் சுருக்கிழுத்து, மடிப்புகளின் முகட்டில் தேன்கூட்டுத் தையல் போட்டால், மார்பு விரிய விரிய உடை தானும் விரிந்து கொடுக்கும். மெல்லிய மல் துணியில் பின்பக்கம் ஹெர்ரிங்போன் போட்டால் முன்பக்கம் நிழலாகப் பூ தெரியும். சங்கிலித்தையல், காம்புத்தையல், இறகுத்தையல், லேசி டேசி, புல்லியன் ரோஜா எல்லாம் சதுரத் துண்டுகளில் தைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டப்படும். கல்யாணமாகிப் போன பிறகும் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பெண்கள் ஏராளம்.

இந்த வேலைக்கு வாங்கும் ஆங்கர் நூல்கண்டுக்கும் ஒரு பரம்பரை உண்டு. ஏர்ஷயருக்குப் பக்கத்து ஊரான பெய்ஸ்லியில் தொடங்கிய கோட்ஸ் நூல் கம்பெனி, ஹார்வி சகோதரர்கள் தமிழகத்தில் நிறுவிய மதுரா மில்ஸோடு 1970-களில் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஒரு கண்டில் ஆறு இழை. குழந்தைத் துணிக்கு ஒன்றோ இரண்டோ பிரித்து எடுத்தால் போதும்; மூன்று இழை கோர்த்தால் முடிச்சு தோலில் அழுத்தும்.

வீடுகளுக்குத் தையல் மெஷின் வந்தபோது கைத்தையல் ஓரங்கட்டப்பட்டது. பிறகு ஆயத்த ஆடை வந்தது. இன்று உலகெங்கும் எத்தனையோ குழந்தைகள் உடுத்தும் பின்னலாடை திருப்பூரில் தைக்கப்படுகிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2015 முதல் வழங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தை உடையும் ஒன்று. பழைய வேட்டியில் தொடங்கிய வாழ்க்கை புதுச்சட்டையில் தொடங்கலாயிற்று. இதற்கு நடுவில் கையால் செய்த குழந்தை உடை விலை கூடிய பொருளாகிவிட்டது. பிறந்தநாள், ஞானஸ்நானம், காதுகுத்து என்று சொல்லித் தைக்கிறார்கள். ஒரு ஸ்மாக்கிங் கவுனுக்கு நாள்கணக்கில் வேலை இருக்கிறது.

அந்த விலை யாருக்குப் போகிறது என்பதே இருநூறு ஆண்டுக் கேள்வி. ஆந்திரத்து நரசாப்பூர் லேஸ் பெண்களைப்பற்றி மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. வீட்டுக்குள் உட்கார்ந்து நாளெல்லாம் பின்னிய பெண்களை, ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்கும் இல்லத்தரசிகள் என்றே வியாபாரிகள் கணக்கில் வைத்தார்கள். அந்த ஒரு பெயரால் கூலி அடிமட்டத்தில் நின்றது. ஏற்றுமதி லாபம் வேறு கைகளுக்குப் போனது. தமிழகத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கு ஒரு மாற்றை முயன்றிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடை அவற்றில் தைக்கப்படுகிறது. உருப்படிக் கூலி உறுப்பினர்களுக்குப் போகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசுத் திட்டம் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா கூடத்தில் உமா பிரஜாபதி மீனவப் பெண்களுக்குத் துணிக்கழிவிலிருந்து சுனாமிகா என்ற சிறு பொம்மை செய்யக் கற்றுத்தந்தபோதும் கைவேலையோடு வருமானமும் சேர்ந்தே வந்தது.

கடலூரிலோ சிதம்பரத்திலோ இன்று குழந்தை உடைக்குக் கைப்பூவேலை கற்றுத்தரும் ஒருவர் மார்த்தா மால்ட்டின் வகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது லேஸ் மாதிரியைவிட அந்தக் கூலி ஏற்பாட்டைத்தான். பிரெஞ்சுத் தையலும் ஸ்மாக்கிங்கும் சொல்லித்தரும் அதே வாரத்தில், துணிக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு, உட்கார்ந்த மணிகளுக்கு எவ்வளவு என்று எழுதிக் கூட்டவும் மாணவிக்குச் சொல்லித்தர வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு மாதிரித் துண்டுக்குப் பக்கத்திலும் அதைத் தைக்க ஆன நேரத்தைக் குறிக்க ஒரு கட்டம் போட்டுவைத்தால், முதல் ஜப்லாவுக்கே அவள் தயங்காமல் விலை சொல்லலாம்.