வால் முளைத்த விண்மீன்கள்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இரவுப் பயணம் செய்பவர்கள், ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும்போது ஒருமுறையேனும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளின் வெளிச்சம் வானத்தின் அடிவயிற்றில் ஒரு மஞ்சள் கறையாகப் படிந்திருக்கும். கார்த்திகை மீன்கள் ஆறு என்பது நம் மரபு. இங்கு நின்று எண்ணினால் மூன்றோ நான்கோதான் தேறும்.

இந்த ஊருக்கும் விண்மீன்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இதே சாலையில் மேற்கே சென்று, வாணியம்பாடியில் பிரிந்து, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்காட்டில் ஏறினால் காவலூர் வரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதை 1986 ஜனவரி 6 அன்று திறந்துவைத்து, வைணு பாப்புவின் பெயரைச் சூட்டியவர் ராஜீவ் காந்தி. ஐந்தாண்டுகளுக்குப் பின் 1991 மே 21 இரவில் அவர் கொல்லப்பட்டது ஸ்ரீபெரும்புதூரில். வரலாறு ஒரே சாலையின் இரு புள்ளிகளில் இப்படித் தன் பெயர்களை எழுதிச் செல்கிறது. நான் சொல்லவந்தது அரசியல் அல்ல, அந்த ஆடியின் கதை.

விண்மீன் கொத்துகளைப் படமெடுப்பது அழகுக்காக மட்டும் அல்ல. ஒரு கொத்தின் மீன்கள் ஒரே மேகத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளவை. ஆகவே அவற்றின் நிறத்தையும் ஒளியையும் அளந்து ஒப்பிட்டால் கொத்தின் வயதைக் கணிக்கலாம். ஆனால் அளப்பதற்கு மீன் ஒரு புள்ளியாகப் பதிய வேண்டும். அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

பரவளைய ஆடி தன் அச்சின் நேரே உள்ள மீனைக் குறையின்றிக் குவிக்கும். அச்சிலிருந்து விலகிய மீனைக் குவிக்கும்போது, ஆடியின் விளிம்பும் நடுவும் வெவ்வேறு உருப்பெருக்கத்தைத் தருகின்றன. பல பிம்பங்கள் சற்றே விலகி ஒன்றன்மேல் ஒன்று விழ, புள்ளி ஒரு பக்கம் மட்டும் விரிந்து வால் முளைத்ததுபோல் தெரிகிறது. இக்குறைக்குக் கோமா என்று பெயர்; கிரேக்க மொழியில் கூந்தல் என்று பொருள். வால்மீனுக்கு மேற்கில் வழங்கும் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

காவலூர் ஆடியின் குவியத்தூரம் அதன் விட்டத்தைப்போல் 3.25 மடங்கு. இவ்வளவு குறுகிய குவியத்தில், முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் அச்சிலிருந்து விலகினாலே, கோமா சுமார் பத்து விகலைக்கு மீனை இழுத்துவிடும். காற்றின் அலைவு ஏற்படுத்தும் கலங்கல் நல்ல இரவுகளில் இரண்டு விகலை அளவே. அதாவது, வானம் செய்யும் கேட்டைவிடக் கருவி செய்யும் கேடு ஐந்து மடங்கு. எனவே குவியத்துக்குச் சற்று முன்னால் சிறு வில்லைகளை அடுக்கி, ஆடியின் குறைக்கு எதிரான குறையை அவற்றில் வேண்டுமென்றே வைத்து ஒன்றை மற்றொன்றால் கழிக்கிறார்கள். சார்ல்ஸ் வின் என்ற ஆங்கிலேயர் வகுத்த மூன்று வில்லைத் திருத்தி இவ்வகையில் புகழ்பெற்றது. குறையைக் குறையால் தீர்க்கும் இந்த வழி எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

வேறொரு வழியை எஸ்தோனியாவில் பிறந்த பெர்ன்ஹார்ட் ஷ்மிட் 1930இல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் கண்டார். இளமையில் வெடிவிபத்தில் ஒரு கையை இழந்தவர்; மற்றொரு கையால் கண்ணாடி தேய்த்தவர். பரவளையத்தையே கைவிட்டு, கோள ஆடியின் முன்னே நுட்பமாக வளைத்த மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை வைத்தார். பரந்த வானப்பரப்பு முழுவதும் மீன்கள் புள்ளிகளாகவே விழுந்தன.

வைணு பாப்புவின் வாழ்க்கை இங்கே குறுக்கிடுகிறது. 1927இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால், அங்கே வளர்ந்தார். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949 ஜூலையில் ஷ்மிட் வகைத் தொலைநோக்கியில் தாம் எடுத்த தட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அது பாப்பு-போக்-நியூகர்க் எனப் பெயர்பெற்றது. எண்ணிப்பாருங்கள்: கோமா மிகுந்த கருவியின் தட்டில் ஓரத்து மீன்கள் எல்லாமே வால்மீன்கள்தாம். பொய் வால்களை நீக்கிய கருவியில்தான் மெய்யான வால் தனித்துத் தெரியும்.

நிஜாமியாவையும் இங்கே நினைக்க வேண்டும். வானம் முழுவதையும் படமெடுத்துப் பட்டியலிட 1887இல் பாரிஸில் கூடிய மாநாடு ஒரு திட்டம் வகுத்தது. வேறொரு நிலையம் முடிக்காத தென்வானப் பட்டை ஒன்றை ஹைதராபாத் ஏற்றது. எட்டு அங்குல வில்லைத் தொலைநோக்கியில் தட்டுகள் எடுத்து, ஒவ்வொரு மீனின் இடத்தையும் நுண்ணோக்கியில் அளந்து, ஏட்டில் குறித்தார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட உழைப்பு. அந்தத் தட்டுகளிலும் குறை இருந்தது. பிரகாசமான மீனின் வால் பதியும். மங்கிய மீனின் வால் பதியாது. ஆகவே அளந்த இடம் மீனின் ஒளிக்கேற்ப நகர்ந்துவிடும். எடுத்துமுடித்த தட்டுக்குத் திருத்தி வில்லை வைக்க முடியாது. ஆனால் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1990களில் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தார் பல நாட்டுப் பட்டியல்களின் பிழைகளையும் கணினியில் பிரித்தெடுத்துக் கழித்தார்கள். அப்படித் திருத்திய பழைய இடங்களை ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவுகளோடு ஒப்பிட்டு, இருபத்தைந்து லட்சம் மீன்களின் நகர்வை 2000இல் வெளியான டைக்கோ-2 பட்டியல் தந்தது. ஏட்டில் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைக் காண உயிரோடு இல்லை.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற பாப்பு, விண்மீன்களுக்கென இருண்ட இடம் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் கருவி வந்தது. பெரிய தொலைநோக்கியை நாமே செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கண்ணாடி வார்ப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது. தேய்த்தது பெங்களூரில், ஏ.பி. ஜெயராஜன் தலைமையில். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழைதான் அங்கே அனுமதி. தேய்ப்பதும் சோதிப்பதும் மீண்டும் தேய்ப்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. இந்தப் பொறுமை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1990இல் ஏவிய ஹபிள் சான்று. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகியிருந்தது. ஆடியின் விளிம்பு இரண்டு மைக்ரானுக்குச் சற்று மேல் தட்டையாகிவிட்டது. 1993 டிசம்பரில் விண்வெளிக்குச் சென்றே திருத்த நேர்ந்தது.

பாப்பு தம் ஆடியில் மீன் விழுவதைக் காணவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் மறைந்தார். நண்டு ராசியில் உள்ள எம் 67 கொத்தின் மீன்களைக் கொண்டு காவலூர் ஒளிப்படக்கருவியைப் பின்னர் அளவுப்படுத்தினார்கள்.

மீண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறேன். 2000 முதல் இங்கே தட்டைக் கண்ணாடி ஆலை ஒன்று இயங்கிவருகிறது. கண்ணாடி செய்யத் தெரிந்த ஊர். ஆடியின் குறைக்கு வில்லை உண்டு, பழைய தட்டின் குறைக்குக் கணிதம் உண்டு. ஆனால் வானத்தில் சிந்திய வெளிச்சம் மங்கிய மீனை மூழ்கடித்துவிட்டால், அதை மீட்டுத்தரும் வில்லை எதுவும் இல்லை. அதற்கான திருத்தி விளக்கின் தலைமேல் கவிழ்க்கும் ஒரு தகர மூடிதான். அதைச் செய்ய ஷ்மிட்டின் கை வேண்டாம், ஜெயராஜனின் ஆண்டுகள் வேண்டாம். பகலிலும் இரவிலும் இயங்கும் ஆலைகள் இருக்கட்டும். வேலைமுடிந்து வெளியே வரும் இளைஞன் அண்ணாந்தால், கார்த்திகை ஆறாகத் தெரியட்டும்.