என்கேதி அருவியும் தண்ணீர்ப் பங்கும்

சாக்கடலின் மேற்குக் கரையில், கடல்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது என்கேதி. அங்கே ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. காய்ந்த பாறை இடுக்கில் ஓடையைப் பிடித்தபடி ஏறுகிறவர்கள் நாணல் புதரையும், பிறகு ஈரப் பாறையில் பெரணி படர்ந்த தாவீது அருவியையும் காண்கிறார்கள். மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய நடைதான். மனிதக் கை படாத இயற்கையைப் பார்த்துவிட்டதாகவே பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த இடத்தின் வரலாறு முழுவதும் தண்ணீர்ப் பங்கீட்டின் வரலாறு. அருவி இன்று விழுவதும் அந்தப் பங்கீட்டில் சேர்ந்ததுதான் என்பது என் வாதம்.

எருசலேம் மலைப்பகுதியில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் கிழக்கே நகர்ந்து, இந்தச் செங்குத்துச் சரிவில் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. கோடையிலும் வற்றாத நீர் என்பதால் அதை நம்பி உழைப்பைக் கொட்ட முடிந்தது. சரிவில் அடுக்குத் தோட்டங்கள் கட்டினார்கள். வாய்க்காலும் தொட்டியும் அமைத்தார்கள். பேரீச்சையும் வாசனைப் பிசின் தரும் பல்சாமும் வளர்த்தார்கள். அருகிலுள்ள குகையொன்றில் 1961-இல் கிடைத்த ஆவணங்களில், கி.பி. 134-இல் என்கேதி நிலங்களின் குத்தகையைச் சிலர் தமக்குள் பிரித்துக்கொண்ட பத்திரமும் உண்டு. அதே குகையில் கிடைத்த பாபாத்தா என்ற பெண்ணின் பத்திரக்கட்டு, சாக்கடலின் மறுகரையில் ஒரு பேரீச்சந்தோப்புக்கு எந்தக் கிழமை எவ்வளவு நேரம் முறைத்தண்ணீர் என்பதைக்கூடக் குறிக்கிறது. பின்னாளைய என்கேதி யூதத் தொழுகைக்கூடத்தின் தரையில் ஓர் அரமேயக் கல்வெட்டு இருக்கிறது. ஊரின் ரகசியத்தை வெளியே சொல்பவரை அது சபிக்கிறது. பல்சாம் தயாரிக்கும் முறையே அந்த ரகசியம் என்பது ஆய்வாளர் பலரின் ஊகம். எதுவானாலும், அந்த ஊரின் செல்வம் ஊற்றிலிருந்து வந்தது.

இந்த இடத்தின் வரலாறு தண்ணீர்ப் பங்கீட்டின் வரலாறே என்ற வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய செம்புக்காலக் கோயில் ஒன்று இரண்டு ஊற்றுகளுக்கு நடுவே மேட்டில் நிற்கிறது. அதைச் சுற்றிக் குடியிருப்பு இல்லை. அப்படியானால் இங்கே பயனுக்கு முன்பே பக்தி வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். வியப்பு நம் காலத்து மலையேறிகளின் கண்டுபிடிப்பு அல்ல என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் நீரை வணங்கியவர்களுக்கும் பாய்ச்சியவர்களுக்கும் அதன் அருமை ஒன்றாகவே தெரிந்திருந்தது. வறண்ட நாட்டில் இவ்விரண்டும் எதிரெதிர் அல்ல.

தோட்டங்கள் அருவிக்குக் கீழேதானே, அருவி எப்படியும் விழுந்திருக்கும் என்பது இன்னொரு மறுப்பு. பழங்காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் குழாயும் பம்பும் வந்த பிறகு நீரை மேலேயே எடுத்துவிடலாம். 1950-களில் அமைந்த கிப்புட்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பு இதே ஊற்றுகளை நம்பி வளர்ந்தது. புட்டிக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. காட்டு ஆடுகளுக்கும் ஓடைக்கும் இயற்கைக் காப்பகத்துக்கும் இவ்வளவு நீர் என்று மனிதர்கள் முடிவு செய்தால்தான் அருவி நிலைக்கும். ஆகவே அங்கே நடந்து போகிறவர் வெறும் பார்வையாளர் அல்லர். அந்த ஊற்றில் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பங்கு பெறுகிறவர் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் எந்த அரசும் எந்த நிறுவனமும் நாளை அந்தக் கணக்கை மாற்றி எழுதிவிடலாம்.